கண்ணுக்குத் தெரியாத பங்காளி

காசு கொடுத்துப் பெற்ற ஒன்றை வீணாக்கவும் ஒருவனுக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. சென்ற பொங்கலுக்கு வந்திருந்த என் தங்கை மகன், தன்னை அறியாமலே அதை என் முன் வைத்துவிட்டுப் போனான்.

அவனுக்குக் கோவை சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அன்னூருக்கு அருகே எங்கள் தோட்டத்துச் சாளையில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தவன், "மாமா, உங்களுக்கு ஒரு மெஷின் செஞ்சு காட்டட்டுங்களா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்து பிழைக்கிற சீமைக்காரர்கள் நாங்கள். மெஷின் என்றால் பவுண்டரியின் அனல், லேத்துப் பட்டறையின் இரைச்சல், கையில் எண்ணெய்க் கறை. இவனோ சட்டை மடிப்புக் கலையாமல் மெஷின் செய்யப் போகிறானாம்!

செய்துதான் காட்டினான். முதலில் ஊரைத் தேர்ந்தெடுத்தான்: மும்பை. பிறகு லினக்ஸ் வேண்டும் என்றான். எத்தனை பிராசஸர், எவ்வளவு நினைவகம், எவ்வளவு டிஸ்க் என்று, மளிகைக் கடையில் சாமான் சொல்வது போல் ஒவ்வொன்றாகச் சொன்னான். அடுத்தது கதவுகள். எந்தக் கதவை யாருக்குத் திறப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டுமாம். "உலகத்துக்கே திறந்து விட்டோமுங்கன்னா, சித்த நேரத்துல திருடன் வந்து தட்டிப் பார்ப்பானுங்க" என்றான். கடைசியில் ஒரு சாவி. அதை ஒரே ஒரு தடவைதான் தருவார்கள். பத்திரப்படுத்த வேண்டியது நம் பொறுப்பு. பொத்தானை அழுத்தினான். என் கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் மும்பையில் ஒரு மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது!

உண்மையில் அப்படி ஒரு தனி மெஷின் அங்கே இல்லை. ஒரு பெரிய கட்டடத்தில் வரிசை வரிசையாகச் சர்வர்கள் நிற்கின்றன. ஒரு சர்வரின் திறனை ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொருவரும் தமக்கென முழு மெஷின் இருப்பதாக எண்ணி வேலை செய்கிறார்கள். இதைத்தான் மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள்.

யோசனை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967இலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பதினான்கு கம்ப்யூட்டர்களாகப் பிரித்து ஓட்டினார்கள். 2006இல் அமேசான் அதை வாடகைக்கு விட்டது. 2016இல் மும்பையிலும் தன் கூடத்தைத் திறந்தது. இன்று லட்சக்கணக்கில் முதல் போட முடியாத சிறு கம்பெனியும் மணிக் கணக்கில் வாடகை கொடுத்துப் பெரிய கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம். சும்மா கிடக்கும் திறன் வீணாகக் கூடாது என்பதற்காகப் பிறந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இரண்டு மாதம் கழித்து அவன் வந்தபோது முகம் வாடியிருந்தது. ஆபீசில் பழகுவதற்காக எப்போதோ உண்டாக்கிய மூன்று மெஷின்களை மறந்துவிட்டானாம். அவை ஒரு வேலையும் இல்லாமல் இரவும் பகலும் ஓடியிருக்கின்றன. பில் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. மேலதிகாரி நாலு வார்த்தை கடிந்துகொண்டார்.

"வீணாகப் போச்சேடா" என்றேன்.

"காசு கட்டிட்டோமுங்க மாமா. அப்புறம் என்னங்க?" என்றான்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அன்று இரவு அப்பாருவின் கிணறுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கிணறு மூன்று சகோதரர்களுக்குப் பொது. ஆளுக்கு ஒரு நாள் முறை. முறை நாளில் கிணறு முழுவதும் அவருடையது போலத்தான். மற்றவர் வாய்க்காலைத் தொடமாட்டார். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு மெய்நிகர் கிணறுதானே? இருந்தது ஒரே கிணறு; மூவருக்கும் ஆளுக்கொரு கிணறு என்ற கணக்கு. நான் சிறுவனாக இருந்தபோது, அப்பாருவின் முறையன்று பொழுது சாய்ந்ததும் நல்ல மழை பிடித்துக்கொண்டது. பாத்திகள் நிறைந்தன. விடியும் வரை முறை அவருடையதுதான். ஆனாலும் அவர் மோட்டாரை நிறுத்தினார். "இன்னும் நம்ம முறைதானுங்களே அப்பாரு?" என்று கேட்டேன். "முறை நம்முளுது. தண்ணி நம்முளுதா?" என்றார்.

பங்காளிகளுக்குள் பேச்சு வார்த்தைகூடச் சரியாக இல்லாத காலம் அது. அன்பினால் அவர் அப்படிச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் நீர்மட்டம் தெரியும். வரப்பின் அந்தப் பக்கம் தம்பியின் பயிர் தெரியும். கண் பார்த்தது, கை நிறுத்தியது.

இந்தக் கதையை மருமகனிடம் சொல்லி அவன் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டுமே! 1990இல் தமிழக உழவர்கள் எல்லோருக்கும் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. உழவனுக்கு அது வேண்டிய உதவி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் மோட்டாரை ஓட விட்டுவிட்டுத் தூங்கியவர்களில் நானும் ஒருவன். அப்பாருவின் கிணறு வற்றியது. நாங்கள் ஆழ்துளைக் கிணறு போட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைவிட ஆழமாகப் போட்டார். பூமிக்கடியில் எவருடைய நீரை எவர் இழுக்கிறோம் என்பது யாருக்கும் தெரியவில்லை.

காசு கொடுக்கவில்லை, அதனால் நான் வீணாக்கினேன். காசு கொடுத்தோம் என்ற தைரியத்தில் அவன் வீணாக்கினான். அப்படியானால் மீட்டர் இருப்பதும் இல்லாததும் இங்கே பெரிய வேறுபாடு இல்லை. மீட்டர் ஒருபோதும் மனச்சாட்சி ஆகாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது: அந்தப் பக்கத்தில் இருக்கும் பங்காளி எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

மெய்நிகர் இயந்திரத்தில் ஒருவர் பங்கை இன்னொருவர் பார்க்க முடியாதபடி சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் அதே சுவர் அண்டை வீட்டாரையும் மறைத்துவிடுகிறது. வேலையற்று ஓடும் மெஷினும் தனக்கென ஒதுக்கிய இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். இடம் போதாவிட்டால் இன்னொரு சர்வர், இன்னொரு கட்டடம், அதைக் குளிர்விக்க இன்னும் மின்சாரம். 2024இல் உலகின் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றரைப் பங்கை இத்தகைய கூடங்கள் செலவிட்டன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. மேகம் என்று பெயர் வைத்தாலும் அது தரையில் நின்று, நிலக்கரியையும் நீரையும் உண்டுதான் வாழ்கிறது.

நாம் கொடுக்கும் காசு, பொருளைப் பயன்படுத்தும் முறையை நமக்குத் தருகிறது. பொருளின் பின்னால் இருக்கும் நீரும் நெருப்பும் முறை முடிந்த பிறகும் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கின்றன. கண்ணெதிரே இருக்கும் தம்பிக்காக மோட்டாரை நிறுத்துவது அப்பாரு காலத்து ஒழுக்கம். முகம் தெரியாத ஒருவனுக்காக, அவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை ஒன்றினாலேயே நிறுத்துவதுதான் நம் காலத்துக்கு வேண்டிய ஒழுக்கம். இது அதைவிடக் கடினமானது. பார்த்துப் பாராட்டவும் ஆள் இருக்காது.

கிணற்றுக் கதை, என் தூக்கத்தின் கதை இரண்டையும் மருமகனிடம் சொன்னேன். அவன் வாதாடவில்லை. சென்ற வாரம் போனில் பேசும்போது தானாகவே சொன்னான்: "இப்பெல்லாம் மெஷின் போடறப்பவே, எதுக்கு, எந்தத் தேதி வரைக்கும்னு எழுதி வெச்சர்றனுங்க மாமா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருக்கா பார்த்து, வேண்டாததை எடுத்தர்றனுங்க. நிறுத்துனா மட்டும் போதாதுங்க. டிஸ்க் வாடகை ஓடிட்டே இருக்கும்."

நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு என்பதை அவனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். போனை வைத்துவிட்டு எழுந்துபோய், மோட்டார் ரூமில் சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.