அருவித்திரையில் குரல்: காட்சியா, கருதலா?

உண்மையை அறியும் வாயில்களை அளவை என்று பெயரிட்டு ஆராய்ந்த பழந்தமிழ் நூல்களுள் மணிமேகலைக்குத் தனியிடம் உண்டு. அதன் 27ஆம் காதை காண்டல், கருதல், உவமை, ஆகமம் முதலாகப் பத்து அளவைகளைச் சொல்லி, அறிவு பிழைபடும் வகைகள் எட்டையும் உடன் வைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அந்தப் பத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். நேரே காண்பது காண்டல் அல்லது காட்சி, கண்டதைக்கொண்டு காணாததைத் துணிவது கருதல், நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. இம்மூன்றுள் எதில் சேரும் என்று உடனே சொல்லிவிட முடியாத ஓர் அறிவு இன்றைய அமெச்சூர் வானொலியருக்கு, அதாவது ஹாம்களுக்கு, நாள்தோறும் வாய்க்கிறது: காதால் கேட்பதற்கு முன்பே ஒரு குரலைத் திரையில் கண்டுவிடும் அறிவு அது.

அந்தத் திரைக்கு வாட்டர்ஃபால் என்று பெயர், அருவித்திரை எனலாம். ஏற்பியில் விழும் அலைகளைக் கணினி அதிர்வெண்வாரியாகப் பிரித்து, கிடைமட்டத்தில் அதிர்வெண்ணையும் செங்குத்தில் காலத்தையும் நிறத்தின் அழுத்தத்தில் வலிமையையும் காட்ட, புதிய வரி மேலே தோன்றத் தோன்றப் பழைய வரிகள் கீழிறங்குகின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்துக் கடையநல்லூரில் ஒருவர் 40 மீட்டர் பட்டையைத் திறந்து வைத்திருப்பதாகக் கொள்வோம். இந்தியாவில் அப்பட்டை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. நேர்கோட்டில் செல்லும் மீயுயர் அதிர்வெண் அலைகளை மேற்குத்தொடர்ச்சி மலை மறித்தாலும், 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலேறி அயனி மண்டலத்தில் மடங்கி இறங்குவதால், மலைக்கு அப்பாலுள்ள கேரளக் குரல்கள் பகலிலேயே வந்துவிடுகின்றன. மோர்ஸ் குறி அவர் திரையில் விட்டுவிட்டு ஓடும் மெல்லிய கோடாகவும், பழைய முறை வானொலி ஒலிபரப்பு நடுவில் ஒளிமிக்க கோடும் இருபுறமும் ஒத்த சிறகுகளுமாகவும் தெரியும். ஹாம் பேச்சுக்கு அந்த நடுக்கோடு இல்லை. நடுக்கோடாகத் தெரியும் ஊர்தி அலையையும் ஒரு சிறகையும் நீக்கிவிட்டு எஞ்சிய ஒற்றைச் சிறகை மட்டும் அனுப்புவதே ஒற்றைப் பக்கப்பட்டை முறை, ஏறத்தாழ 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், பேசுபவர் மூச்சு வாங்கும் இடங்களில் வெறுமையும் உயிரொலிகளில் இணைகோடுகளும் உரசொலிகளில் பரந்த புகைமூட்டமுமாக அது விழும்.

கண்பட்ட முதற்கணத்தில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தோன்றுவதைச் சைவ சித்தாந்தம் நிருவிகற்பக் காட்சி என்றும், பெயர், இனம், குணம் முதலியவற்றோடு இன்னதென்று அறிவதைச் சவிகற்பக் காட்சி என்றும் பிரிக்கும். பழகிய ஹாமுக்கு இந்த இரண்டுக்கும் இடையே கால இடைவெளியே இல்லாததுபோல் தோன்றுவதால், தாம் குரலையே கண்டதாக அவர் நம்புகிறார். உண்மையில் அங்கே விரைந்து நிகழ்வது கருதல். பழக்கம் அதைக் காட்சிபோல் காட்டுகிறது. எல்.இ.டி. விளக்குகளின் மின்வழங்கி எழுப்பும் இரைச்சலும் சம இடைவெளிக் கோடுகளாகவே விழும் என்பது இதற்குச் சான்று. அதைக் கண்டு குரலோ அல்லவோ என மயங்கினால் ஐயம், குரலே என்று கொண்டால் திரிவு, சற்றும் ஆராயாமல் முடிவுகட்டினால் மணிமேகலை சொல்லும் தேராது தெளிதல். பிழைகளின் இப்பட்டியல் இந்தத் திரைக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துவது வியப்புக்குரியது.

இங்கே ஒரு தடை எழும். ஒலிபெருக்கியில் வருவதும் கருவி சமைத்த ஒலிதானே. அதைக் கேட்பதைக் காட்சி என்றும் திரையைப் பார்ப்பதைக் கருதல் என்றும் பிரிப்பதற்கு என்ன நியாயம்? இத்தடை வலுவானது, கருவி இடையிட்டது என்ற ஒன்றை மட்டும் சொல்லி இதைத் தள்ள முடியாது. விடை வேறிடத்தில் இருக்கிறது. ஒருவர் குரலின் அடிச்சுருதி 120 ஹெர்ட்ஸ் என்றால் அதன் மேற்சுரங்கள் 240, 360, 480 என அதன் மடங்குகளாக நிற்கும். ஏற்பி 50 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால் அவை 290, 410, 530 என்றாகி மடங்குறவு முறிந்துவிடும். செவி அதை அக்கணமே உணர்ந்து கூசுகிறது. திரையிலோ கோடுகளின் இடைவெளி அதே 120தான். விலகல் எவ்வளவாயினும் படத்தின் வடிவம் மாறுவதில்லை. மேலும் 20 ஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் கோடுகளைப் பிரித்துக்காட்ட ஏறத்தாழ 50 மில்லிநொடி ஒலி வேண்டும் என்பதால், அதனினும் விரைவாக வெடித்து மறையும் வல்லினங்கள் அதில் மங்கிவிடுகின்றன. குரலைக் குரலாக்கும் உறவுகள் செவிக்கே எட்டுகின்றன. திரை தருவது அதன் அடையாளம் மட்டுமே.

முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் கடையநல்லூருக்கு இவ்வகை வழக்கு ஏட்டோடு நிற்பதன்று. ரமலான் தொடங்குவதைக் கண்ணால் கண்ட பிறை தீர்மானிக்குமா, வேற்றூரில் கண்டவரின் சாட்சியம் போதுமா, வானியல் கணக்கே போதுமா என்னும் விவாதம் தமிழக முஸ்லிம்களிடையே நீண்ட காலமாக நடந்துவருகிறது. காண்டல், உரை, கருதல் மூன்றும் அங்கே ஒரே மாலையில் எதிரெதிர் நிற்கின்றன. இளம்பிறை தாழ்ந்து நிற்கும் மேற்கு அடிவானத்தை இவ்வூருக்கு மலை மறைத்திருப்பதால் உரையின் சுமை இங்கே இன்னும் கூடுகிறது. கணக்கு துல்லியமானது என்பதை ஏற்கும் பலரும் அதைக் காட்சிக்கு ஈடாக ஏற்பதில்லை. இதை அறியாமை என்று ஒதுக்குவது அவசரம். ஒன்று இருப்பதை அறிவதும் அதனை எதிர்கொள்வதும் வேறுவேறு என்னும் உணர்வே அதற்கு அடிப்படை.

ஒற்றைப் பக்கப்பட்டையில் இவ்வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிவது, அனுப்பப்படாத ஊர்தி அலையின் இடத்தைத் தேடும்போதுதான். பேசுபவரின் சுருதி ஏறும்போது கோடுகள் எல்லாம் ஒரே அளவில் நகர்வதில்லை. ஊர்தி அலையின் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவோ அவ்வளவு மிகுதியாக விலகுகின்றன, சுருதி இறங்கும்போது அதே விகிதத்தில் திரும்புகின்றன. ஆகவே திரையில் எங்குமே ஒளிராத ஒரு புள்ளியை அவை அனைத்தும் சுட்டிநிற்க, கவனமாகப் பார்ப்பவர் அப்புள்ளியைக் கணித்துவிடலாம். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கொண்டு அதற்கு ஒரு கருத்தா உண்டெனத் துணியும், சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் இத்தகைய கருதலையே கையாள்கிறது. ஆனால் இறைவன் உண்டு என்ற துணிபோடு சித்தாந்தம் அமைவதில்லை. கருவிகளின் வழி வரும் பாசஞானத்தாலும் உயிரின் தன்னறிவான பசுஞானத்தாலும் அவனை அறியவொண்ணாது, அவனருளால் வரும் பதிஞானத்தாலேயே அறியவேண்டும் என்று அது மேலும் செல்கிறது.

ஒப்புமை இவ்விடத்தில் முறிகிறது. அனுப்புநர் விட்டுவிட்ட ஊர்தி அலையை ஏற்பி தன்னுள்ளேயே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ளும்போது குரல் மீள்கிறது. சைவருக்கோ உயிர் தானே உண்டாக்கிக்கொள்ளும் எதுவும் அந்த அறிவைத் தராது, அது அருளால் வருவது. இந்த வேறுபாட்டை மழுப்பி, அறிவியல் ஆன்மிகத்தை மெய்ப்பிக்கிறது என்று மேடைதோறும் பேசப்படுவது இரண்டுக்குமே தீங்கு.

எஞ்சும் அளவையான உரைக்கும் இங்கே இடமுண்டு. பேசுபவர் இன்னார் என்பதைத் திரையிலிருந்து எந்தக் கணக்காலும் பெற முடியாது. வி.யு. என்று தொடங்கும் தம் அழைப்புக்குறியை இந்திய ஹாம் வாயால் சொன்னால்தான் மற்றவர் அதை அறிகிறார். இருவரும் ஒருவர் குறியை மற்றவர் கேட்டு உறுதிசெய்யும்வரை அத்தொடர்பு குறிப்பேட்டில் ஏறுவதில்லை.