யார் செய்த வினை?

காஞ்சிபுரத்தில் ஏறி செங்கல்பட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் வாலாஜாபாத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பாதையின் ஒரு முனையில் ஏகாம்பரநாதர் கோயில். மறுமுனையில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில், மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம். லேடி வில்லிங்டன் பெயரில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தை 1955-ல் மத்திய அரசு ஏற்று உருவாக்கியது அது. நோய் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இரண்டு முனைகளிலும் பதில் உண்டு.

மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறிய சிவனடியார் சுந்தரர் பார்வை இழந்தார், காஞ்சியில் இடக்கண் பெற்றார், திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கினார் என்கிறது பெரியபுராணம். ஊர் இதில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது: தப்பு செய்தவனுக்கு நோய் வரும். பிணியோடு தலம் தலமாக நடந்தவருக்கு எந்தக் கோயில் வாசலும் அடைக்கப்படவில்லை என்ற மறுபாதியை மறந்துவிட்டது.

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கண்டுவிட்டார். சிகிச்சை பெறாத நோயாளியோடு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நெருங்கிப் பழகும்போது, இருமல், தும்மல் வழியாகத்தான் அது பெரும்பாலும் பரவுகிறது. கைகொடுத்தாலோ, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலோ ஒட்டிக்கொள்வதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பது அதற்குள் மறந்தே போகும். அந்த வெற்றிடத்தில்தான் ‘பூர்வஜென்ம பாவம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், வெளிநாட்டுக்கே போகாதவர்களுக்கும் இந்நோய் வந்தது. ஆர்மடில்லோ என்ற ஓட்டுடல் விலங்கிடமும் அவர்களிடமும் ஒரே வகைக் கிருமி இருப்பதை 2011-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் ஊரில் ஆர்மடில்லோ கிடையாது. இங்கே நோய் வரும் இடம் பெரும்பாலும் வீடோ பக்கத்து வீடோதான். அங்கே நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு மனிதர் இருப்பார். ஒரு சிறு பிள்ளைக்குத் தொழுநோய் என்றால், அந்தச் சுற்றுவட்டத்தில் அண்மையில்தான் கிருமி பரவியிருக்கிறது என்று சுகாதாரத் துறை எடுத்துக்கொள்கிறது. பிள்ளையின் முன்வினையை ஆராய்வதைவிட, கூட இருப்பவர்களின் தோலைப் பார்ப்பதே அறம்.

மொலோக்காய் தீவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்த பாதிரியார் டேமியன் அதே நோயால் 1889-ல் இறந்தார். சேவாகிராமத்தில் காந்தி தம் கையால் பணிவிடை செய்த தொழுநோயாளி பர்ச்சுரே சாஸ்திரி பெரிய வடமொழிப் பண்டிதர். இவர்களில் யாருடைய பாவத்தைக் கணக்குப் பார்ப்பது?

பாவம் என்ற சொல் ஆறுதலும் தருவதில்லை, ஆளை ஒளியவும் வைக்கிறது. பெண்ணுக்கு வரன் அமையாதே என்ற பயத்தில் தாய் தன் முதுகுத் தேமலை மூடிக்கொள்கிறாள். மூடிய அந்த ஆண்டுகளில்தான் கிருமி அடுத்தவரிடம் போகிறது. சட்டமும் வெகுகாலம் பயமுறுத்தியது: தொழுநோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீங்கியது, விவாகரத்துக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டும் வழி 2019 வரை இருந்தது. இன்றும் உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான்.

சோதனை எளிது. கண்ணை மூடச் சொல்லி, வெளிறிய படையைப் பஞ்சு நுனியால் தொடுவார்கள். தொட்ட இடத்தை நோயாளி விரலால் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் அங்கே உணர்ச்சி போயிருக்கிறது. காஞ்சிபுரத்தில் பட்டு இழையை விரலால் உணர்ந்து நெய்கிறவருக்கு அந்த உணர்ச்சிதான் பிழைப்பு. கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகும். தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் ஆபத்து ஏறக்குறைய நின்றுவிடும். கூட இருப்பவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கிறார்கள்.

கர்மத்தை நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் வினை என்பது அடுத்தவரின் நோயில் நாம் தேடிப் படிக்கும் கணக்கு அல்ல. நாம் இப்போது செய்ய வேண்டியது. உணர்ச்சியற்ற தேமல் வீட்டில் யாருக்கு இருந்தாலும், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மருந்து இலவசம்.