இறக்கத்துக் கணக்கு

லாரியில் பிரயாணம் செய்வதில் ஒரு லாபம் உண்டு. பஸ்ஸில் போகிறவன் டிரைவரின் முதுகை மட்டுமே பார்க்கிறான். லாரியில் அவர் பேசத் தொடங்கிவிடுகிறார்.

1970களின் நடுவில் ஒரு மாலை. பாலமோர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நண்பரைப் பார்த்துவிட்டு நான் மலையிறங்க வேண்டியிருந்தது. கீரிப்பாறை வழியாக நாகர்கோவிலுக்குத் தடி லாரி ஒன்று போகிறது என்றார்கள். பால் வற்றிப்போன ரப்பர் மரங்களை வெட்டிச் செங்கல் சூளைகளுக்கு விறகாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கிளீனர்ப் பையன் தடிகளின் மேல் ஏறிக்கொண்டு தன் இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தான். டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எட்டு மணிக்கு நாகர்கோவிலில் எனக்குத் திருநெல்வேலி பஸ். மணி அப்போதே ஆறு.

இறக்கம் தொடங்கும் இடத்தில் மனிதர் வண்டியை அடியோடு நிறுத்திவிட்டார். கீழே இறங்கினார். டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். கட்டியிருந்த கயிற்றைச் சுண்டினார். நிதானமாக ஏறி உட்கார்ந்து, இரண்டாவது கியரைப் போட்டு, வண்டியை நகரவிட்டார். என்ஜின் முனகிக்கொண்டே பாரத்தை இழுத்துப் பிடித்தது. ஒரு மாட்டுவண்டி எங்களை முந்தியிருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

நாலாவது வளைவில் என் பொறுமை போய்விட்டது. "அண்ணாச்சி, நியூட்ரலில் விட்டால் வண்டி தானாகவே உருண்டு போய்விடுமே? டீசலும் மிச்சம்தானே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏறுன கியர்ல எறங்கணும் தம்பி. மேல வச்சுப் போட்ட கியர்தான் கியரு. பாதியில வேகம் புடிச்ச பொறவு போடலாம்னா, பல்லு கடிக்குமே தவிர விழாது" என்றார்.

அந்தக் காலத்துக் கனரக லாரிகளை ஓட்டியவர்களுக்கு இது விளங்கும். கீழ்க் கியருக்கு மாற்ற, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி என்ஜினின் சுற்றைக் கூட்டி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ள வேண்டும். பல் சக்கரங்களின் வேகம் ஒத்துவராவிட்டால் கர்ரென்று ஒரு சத்தம் வரும், கியர் விழாது. ஓடுகிற லாரி அந்த நேரத்தில் நியூட்ரலில் இருக்கிறது. அதாவது, பல டன் பாரத்தையும் தாங்க பிரேக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிரேக்கை அழுத்த அழுத்த டிரம் காய்கிறது, காய்ந்து விரிகிறது, லைனிங் பிடியை இழக்கிறது. கடைசியில் கால் மட்டும் பலகை வரை போகிறது.

டீசல் மிச்சம் என்பதும் பெரும்பாலும் பிரமைதான். செங்குத்தான இறக்கத்தில் கியரோடு இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பம்ப் ஏறக்குறைய டீசலே கொடுப்பதில்லை. சக்கரங்களே என்ஜினைச் சுற்றுகின்றன. நியூட்ரலில் என்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளவாவது டீசல் குடிக்கிறது. இதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தால் அன்று வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் சொன்ன கதையும் எனக்குக் கிடைத்திருக்காது.

"நானும் பதினாலு வருசம் நூட்டர்லயாக்கும் எறக்குனேன்" என்றார். "மொதலாளிக்கு மைலேஜ் வேணும். கொறஞ்சா பேட்டாவுல புடிப்பாரு. நானும் எனக்க கூட்டுக்காரனும் ஒரே மொதலாளிட்ட ரெண்டு வண்டி. ஒரே ரோடு. ஒரே மாதிரிதான் விடுவோம். ஒரு நாளு அவனுக்க வண்டி நிக்கல. சுள்ளி சொமந்து வந்த ஒரு கெழவி. அவன் ஒண்ணரை வருசம் உள்ள கெடந்தான். அந்த வருசம் தீவாளிக்கு மொதலாளி எனக்கு வேட்டி எடுத்துக் குடுத்தாரு, நல்ல டிரைவர்னு."

சிறிது தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு கேட்டார்: "அவன் செஞ்சது பாவம்னா, நான் செஞ்சது என்னது தம்பி?"

உங்களால் யாரும் சாகவில்லையே என்று நான் சொன்னேன். படித்தவன் அவசரத்தில் சொல்லக்கூடிய பதில் அது. அவர் அதை மதிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது. தாறுமாறாக வண்டி ஓட்டினால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவுப்படி அதிகபட்சம் ஆறு மாதம். அதே ஓட்டத்தில் ஓர் உயிர் போனால் 304ஏ பிரிவுப்படி இரண்டு வருஷம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் முன்னதை ஆறு மாதமாகவே விட்டுவிட்டுப் பின்னதை ஐந்து வருஷமாக உயர்த்தியது. ஓட்டியவனின் மனசு இரண்டு வழக்கிலும் ஒன்றேதான். கிழவி வளைவுக்கு வந்த நேரம்தான் வேறு. அந்த நேரத்தை அவனா வைத்தான்?

நம்முடைய பழங்கதை சட்டத்தையும் மிஞ்சியது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரில் போனபோது கன்று தானாகத் துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. பிராயச்சித்தம் போதும் என்று மந்திரிகள் சொன்னார்கள். அரசன் கேட்கவில்லை. மகனைக் கிடத்தி அவன் மேல் தேரை ஓட்டினான். அந்தக் கன்று ஒரு சாண் பின்வாங்கியிருந்தால் இளவரசன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். பிள்ளைப் பருவத்திலிருந்தே இந்தக் கதையைக் கேட்டு நெகிழ்ந்தவன்தான் நான். ஆனாலும் அந்தத் தராசு பசுவின் கண்ணீரை மட்டுமே நிறுத்தது என்ற சந்தேகம் அன்றைய லாரிப் பிரயாணத்துக்குப் பிறகு எனக்குப் போகவில்லை.

வெளிநாட்டுத் தத்துவக்காரர்களும் இதில் மாட்டிக்கொண்டவர்கள்தாம். நல்லெண்ணம் விளைவைப் பொறுத்ததல்ல என்று கான்ட் 1785லேயே அடித்துச் சொல்லிவிட்டார். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயரும் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கரும் அதை அசைத்துப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இருவருக்குமே உதாரணத்துக்கு ஒரு லாரி டிரைவர்தான் கிடைத்தான்! வில்லியம்ஸின் டிரைவர் ஒரு தப்பும் செய்யாமலே ஒரு குழந்தையின் மேல் ஏற்றிவிடுகிறான். அவனிடம் குற்றமில்லை என்று நாம் எவ்வளவு சொன்னாலும், வேடிக்கை பார்த்தவனைப்போல அவன் துக்கப்பட முடியாது. நேகலின் டிரைவர் பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டவன். குழந்தை குறுக்கே வராதிருந்தால் அவனுக்குத் தன்னைக் குறைசொல்லிக்கொள்ள அதிகம் இருந்திருக்காது. நம்மைப் பற்றிய தீர்ப்பில் எவ்வளவு பங்கு அதிர்ஷ்டத்துக்குச் சொந்தம் என்பதுதான் அவர்கள் கேள்வி. கீரிப்பாறை ரோட்டில் கேட்கப்பட்டதும் அதேதான்.

என் அபிப்பிராயம் இது. குற்றம் அந்த இரண்டு டிரைவர்களுக்கும் ஒன்றே, கடன் ஒன்றல்ல. கிழவியின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவன் கூட்டுக்காரன் மட்டும்தான். அந்த வீட்டுக்காரர்கள் இவரைத் தேடி வரப்போவதில்லை. ஆனால் மேலே, இறக்கத்தின் தலைப்பில், கை கியரை விட்டபோது இரண்டு பேரும் ஒரே மனிதர்கள். பதினாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய நற்சாட்சிப் பத்திரம் அல்ல என்று அவர் கண்டுகொண்டிருந்தார். பேட்டாவில் பிடித்த முதலாளியை எந்தக் கோர்ட்டும் கூப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே நியூட்ரலைச் சிபாரிசு செய்த என்னையும் எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது.

தர்மபுரிப் பக்கத்துத் தொப்பூர்க் கணவாயில் லாரிகள் இன்றும் நியூட்ரலில் இறங்குகின்றன. 2020 டிசம்பரில் அங்கே சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று முன்னால் நின்ற வாகனங்களின் மேல் மோதி நாலு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, அதற்கு முந்தின நாள் அதே இறக்கத்தில் எத்தனை லாரிகள் நியூட்ரலில் உருண்டு வந்து, அவற்றின் டிரைவர்கள் சேலத்தில் டீ குடித்தார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

அன்று கதையின் பாக்கியையும் கேட்டேன். கூட்டுக்காரன் உள்ளே இருந்த மாதங்களில் அவன் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டது இவர்தானாம். சிநேகத்துக்காகவா என்றேன்.

"சிநேகமா? பாதிப் பேட்டா அவனுக்குள்ளதுல்லா" என்றார்.

கீரிப்பாறையில் சமதளம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டினார். பையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டான். "வாங்க, கை வச்சுப் பாருங்க" என்று என்னைப் பின்சக்கரத்துக்கு அழைத்துப் போனார். குனிந்து டிரம்மைத் தொட்டேன். இளஞ்சூடு, அவ்வளவுதான்; கையை எடுக்கத் தோன்றவில்லை. மணி ஏழே முக்கால் ஆகியிருந்தது. திருநெல்வேலி பஸ் இனி இல்லை.