அடித்தால் பூக்குமா?

மகனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த என் நாத்தனாரிடம் தாய்மாமா சொன்னார்: "இடி இடிச்சாத்தாம்மா காளான் பூக்கும். ஆண்டவன் அடிக்கிறது நம்மளப் பக்குவப்படுத்தத்தான்." மாமா தினமும் சிவபூசை செய்கிறவர், ஆறுதலாகத்தான் சொன்னார். சிப்பிக் காளான் வளர்த்துப் பிழைக்கிற எனக்கு அந்த உவமையை அப்படியே விட மனம் வரவில்லை.

இடிக்கும் காளானுக்கும் உறவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நிலத்தடிக் காளான் இடியால் உண்டாகிறது என்று மக்கள் ஏன் நினைக்கிறார்கள் என்று கிரேக்கரான புளூட்டார்க் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் கோயிச்சி தகாகியின் குழு செயற்கை மின்னலையே பாய்ச்சிப் பார்த்தது. 50,000 முதல் 1,00,000 வோல்ட் வரை, நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம். 10 வகைக் காளான்களில் 8 வகை கூடுதலாக விளைந்தன. மரக்கட்டையில் வளரும் ஷிட்டாகே காளான் இரண்டு மடங்கு வரை. ஆபத்து வந்துவிட்டதென்று உணர்ந்து, அழிவதற்குள் வித்துத்தூளைப் பரப்பிவிடப் பூஞ்சை அவசரமாகப் பூக்கிறது என்பது அவர்கள் ஊகம். ஷிட்டாகே வளர்ப்பவர்கள் மரக்கட்டையைக் குளிர்ந்த நீரில் ஒரு நாள் ஊறப்போட்டுச் சுத்தியலால் தட்டுவதும் உண்டு.

ஆனால் எந்தக் கட்டையைத் தட்டுகிறார்கள் என்பதை மாமாவின் உவமை விட்டுவிட்டது. வித்து வைத்து, ஓராண்டு ஒன்றரை ஆண்டு நிழலில் கிடந்து, வெள்ளை இழை உள்ளெல்லாம் ஓடி முடித்த கட்டையை. அதற்கு முன் எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் வராது. என் கொட்டகையிலும் அப்படித்தான். பையில் அடைத்த வைக்கோல் படுக்கை இரண்டு மூன்று வாரம் இருட்டில் கிடந்து முழுக்க வெளுத்த பிறகே பையை பிளேடால் கீறி, வெளிச்சமும் காற்றும் ஈரமும் காட்டுவேன். அப்புறம் பூப்பதெல்லாம் அந்த இருட்டில் தின்று சேர்த்தது; பிளேடு எதையும் கொடுக்கவில்லை. அடித்துப் பூக்க வைத்த ஷிட்டாகே கட்டைக்கோ அடுத்த முறைக்கு முன் இரண்டு மூன்று மாத ஓய்வு வேண்டும். ஓயாமல் அப்படிச் செய்தால் கட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும்.

மாமா சைவ சித்தாந்தம் படித்தவர். வினைப்பயனை நுகர நுகர உயிரை மறைக்கும் ஆணவ மலம் பக்குவப்படும், அந்த மலபரிபாகம் வந்த உயிரில் அருள் பதியும் என்பது அவர் பாடம். தண்டனையும் மறக்கருணை, பெற்றவர் கண்டிப்பு மாதிரி. அந்தக் கோட்பாட்டோடு எனக்குச் சண்டையில்லை, ஏனென்றால் அதில் அடியின் பயன் அடிபட்ட உயிருக்கே போய்ச் சேர்கிறது; இறைவனுக்கு எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. கொட்டகையில் பயன் முழுக்க எனக்கு. ஓரம் விரிந்து வித்துத்தூள் கொட்டும் முன்பே பறித்துவிடுகிறேன். எதற்காக அது அவசரமாகப் பூத்ததோ அதைக்கூடச் செய்ய விடுவதில்லை. என் கையை வைத்து இறைவன் கையை அளந்தால், அவரை விளைச்சலுக்காக அடிக்கிறவர் ஆக்கிவிடுகிறோம். அவரை நம்புகிறவள் என்பதால்தான் எனக்கு இது பொறுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பையில் வெள்ளை ஓடிவிட்டதா என்று என்னால் பார்த்துச் சொல்ல முடியும். ஒரு தாயின் உள்ளே எது பழுத்திருக்கிறது என்று பார்க்க யாருக்குக் கண் இருக்கிறது? துன்பத்தை அருள் என்று சொல்லும் உரிமை அதைப் படுகிறவருக்கு மட்டும் உண்டு என்று நினைக்கிறேன். சூலை நோய் தந்து சிவன் ஆட்கொண்டதாகப் பெரியபுராணம் சொல்லும் திருநாவுக்கரசரே, திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தில் கேட்டது அந்த வலியை நீக்கச் சொல்லித்தான்.