புது மின்கலமும் பழைய விதியும்

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு, தன் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகள் பலவற்றில் முதலில் நுழைந்த கணினி அதுவே. அதனோடு ஒரு கட்டளையும் நுழைந்தது: எட்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுவதும், மின்னேற்றிய பின்னரே திறக்க வேண்டும். இன்றும் புது மின்கலம் வாங்குவோரிடையே இது வழங்குகிறது. மழைக்காலத்தில் மின்சாரம் நின்று நின்று வரும் இம்மலையில் அந்த எட்டு மணி நேரம் சிலவேளை இரண்டு நாளாகும்.

கட்டளை மூடநம்பிக்கையில் பிறந்ததன்று. பழைய நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் சும்மா இருக்கையிலேயே மின்னை இழப்பவை. முதன்முறை நெடுநேரம் ஏற்றினால்தான் கலங்கள் சமநிலை பெற்றன. 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலத்தின் இயல்பு வேறு. அதன் முதல் மின்னேற்றம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. சில கணினிகளை விழிக்கச் செய்ய ஒருமுறை மின்னேற்றியைச் செருக வேண்டும், அவ்வளவே. செருகியபடியே அன்றே எழுதலாம், படிக்கலாம். (உதகையின் உறைபனிக் காலத்திற்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பூச்சியம் பாகைக்குக் கீழ் குளிர்ந்த மின்கலத்தில் மின்னேற்றினால் அது பழுதுறும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும்.)

காரணம் போயிற்று, விதி நிற்கிறது. அதற்கு நாம் கட்டுப்பட்டவர்களா?

நம் திருச்சபைக்கு இது புதிய கேள்வியன்று. நற்கருணை உட்கொள்ளுமுன் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாதிருந்தனர் நம் முன்னோர். 1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு இசைவளித்தார். 1957-இல் உணவுக்கான நோன்பை மூன்று மணி நேரமாக்கினார். 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். ஆண்டவரை ஏற்க உடலும் ஆயத்தமாக வேண்டும் என்னும் காரணம் உயிரோடிருந்ததால் அளவு மாறியதேயன்றி நோன்பு ஒழியவில்லை. மின்கல விதிக்கோ காரணமே எஞ்சவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

மனிதரின் நிலை மாறுகையில் சட்டமும் மாறலாம் என்னும் புனித தாமஸ் அக்குவினாஸ், சிறு நன்மைக்காக அதை மாற்றினால் சட்டத்தை மதிக்கும் பழக்கமே தளரும் என்றும் எச்சரிக்கிறார். அவ்வாறாயின், பாட்டி சொன்னபடி பேரப்பிள்ளை ஓர் இரவு காத்திருந்தால் என்ன குறை? பணிவு வளருமே என்பர். எனக்கு இது நிறைவான விடையாகத் தோன்றவில்லை. நாள் முழுதும் கொழுந்து பறித்துத் திரும்பும் தாய், எங்கே கெட்டுவிடுமோ என்றஞ்சி, அப்பொருளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். அங்கே விதி பணிவை வளர்க்கவில்லை, அச்சத்தையே வளர்க்கிறது. பிள்ளையின் படிப்பும் பெட்டிக்குள் கிடக்கிறது. அவள் அறியாமையைக் கண்டு நகைக்கும் படித்தவர்மீதுதான் எனக்கு வருத்தம். அவளருகே அமர்ந்து, அன்று அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது, இந்த மின்கலத்திற்கு அது பொருந்தாது என்று விளக்கக் கால்மணி நேரம் போதும்.