நாற்காலி யாருக்கு உரியது?



அயோத்தியாப்பட்டணத்தில் வீடு சந்திக்கப் போகும்போது அடிக்கடி என் காதில் விழும் வேண்டுகோள் ஒன்று உண்டு. “சாமி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேணும். நீங்க ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தா மரியாதையாப் பேசுவாங்க.” திருட்டுக் கொடுத்தவரும் கேட்கிறார், வரப்புத் தகராறில் அடிபட்டவரும் கேட்கிறார். சீட்டுக் கொடுக்கலாமா, கூடாதா? கேள்வி சிறிதுதான். ஆனால் நீதி என்னும் புண்ணியம் இதிலே அடங்கியிருக்கிறது.

முன்பு வேறொரு பங்கில் இருந்தபோது நடந்ததைச் சொல்லுகிறேன். ஒரு விதவைத் தாயின் இரண்டு வெள்ளாடுகள் இரவோடிரவாய்க் களவு போயின. இரண்டும் சேர்ந்து இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. முதல் நாள் போனபோது, “ரைட்டர் இல்லை, நாளைக்கு வா” என்றார்களாம். மறுநாள், “ஆட்டுக்கெல்லாம் கேஸா?” என்றார்களாம். மூன்றாம் நாள் அந்த அம்மாளோடு நானும் போனேன். என் அங்கியைக் கண்டதும் நாற்காலி வந்தது, தேநீரும் வந்தது. கால் மணி நேரத்தில் புகார் எழுதப்பட்டது. திரும்பும்போது அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றிரவு ஆத்தும சோதனை செய்தபோதுதான் இரண்டு காரியங்கள் நினைவுக்கு வந்தன. நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த அம்மாள் நின்றுகொண்டே இருந்தார். எங்களுக்கு முன்பே வந்து திண்ணையில் காத்திருந்த முதியவர் ஒருவர், நாங்கள் திரும்பும்போதும் அங்கேயே காத்திருந்தார். நான் நல்லது செய்தேனா, அந்த முதியவரின் முறையைப் பறித்தேனா?

அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பதே நீதி. ஆள் யாரென்று பார்த்து ஒருவருக்குக் கூட்டியும் மற்றவருக்குக் குறைத்தும் கொடுப்பது முகத்தாட்சணியம். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் அதை நீதிக்கு விரோதமான பாவங்களோடு சேர்த்துப் பேசுகிறார். ஸ்டேஷனில் நமக்குக் கிடைக்கும் கவனிப்பு தருமம் அல்ல, கடன். தருமமானால் கொடுப்பவர் இஷ்டம். கடனானால் கேட்பவர் உரிமை.

நம் நாட்டுச் சட்டமும் அப்படியே சொல்லுகிறது. வாரண்டு இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டுமென்று, லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெறவேண்டும். வாயால் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கவேண்டும். நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலனில்லையானால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதில் எங்கும் சாமியாரின் சீட்டு கேட்கப்படவில்லை.

“சட்டம் இருக்கட்டும் சாமி, பயமாயிருக்கிறதே” என்பீர்கள். அந்தப் பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தகப்பனும் மகனும் உயிரிழந்ததை யார் மறப்பார்? ஆனால் போலீஸ்காரரும் பாடுபடும் மனிதரே. வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுக்கும்படி 2021-ல் தமிழக அரசு தனியாக ஆணையிட வேண்டியிருந்தது என்றால், அவர்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். அலுப்பு கடுஞ்சொல்லுக்குக் காரணமாகலாம், அதை நியாயமாக்காது. நம் பங்கிலும் காக்கி உடுத்துவோர் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: நிற்கிறவரை “உட்காருங்கள்” என்று சொல்ல ஆணை எதுவும் வேண்டாம்.

புகார் கொடுப்போருக்கும் கடமை உண்டு. அடித்தவன் ஒருவனாயிருக்க, அவன் அண்ணன், மைத்துனன் பேரையும் சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. “அப்போதுதான் கேஸ் பலமாயிருக்கும்” என்கிறார்கள். அது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பொய்ச்சாட்சி. குற்றமற்றவன் ஒரு நாள் அந்தப் பெஞ்சில் உட்கார நேர்ந்தாலும் அந்தப் பாரம் எழுதினவர் தலைமேல்தான். அதுபோலவே, வேலை விரைவாய் முடிய நூறோ இருநூறோ நீட்டுகிறவர், கையில் பணமில்லாத அடுத்த ஏழைக்குக் கதவைச் சாத்துகிறார்.

அப்படியானால் துணை போவது தவறா? இல்லை. வாயில்லாதவருக்கு வாயாக இருப்பது நம் கடமை. துணைக்குப் போகிறவர் வேறு, சிபாரிசுக்குப் போகிறவர் வேறு. துணைக்குப் போகிறவர் ஏழையோடு வரிசையில் நின்று, அவருக்கு உரியதைக் கேட்கிறார். சிபாரிசுக்குப் போகிறவர் வரிசையைத் தாண்டுகிறார். எழுதப் படிக்கத் தெரிந்த நம் வாலிபர்கள் துணைக்குப் போகலாமே. புகாரை எழுதிக் கொடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள், பணிவாய்ப் பேசுங்கள்.

ஆகையால் இனி சீட்டு எழுதமாட்டேன். கூப்பிட்டால் கூட வருவேன். நாற்காலி போட்டால் அதில் நீங்கள் உட்காருவீர்கள், நான் நிற்பேன். நமக்கு முன்பே யாரேனும் காத்திருந்தால், அவர் முறை முடியும்வரை இருவரும் திண்ணையில் இருப்போம்.