தீட்டுக்கு எத்தனை மைல்

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். நேர்கோட்டில் ஏறக்குறைய 420 கிலோமீற்றர். எங்கள் கினிகத்தேனையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இறங்கவே வேனில் மூன்று நாலு மணி நேரமாகும். கித்துல்கலைப் பக்கம் மண் சரிந்தால் அதுவும் நிச்சயமில்லை.

பெரியப்பா திருச்சிப் பக்கம் செத்துப்போனபோது இந்தத் தூரம் எங்கள் தோட்டத்து லயத்தில் வழக்காகிவிட்டது. "கடல் தாண்டிய சாவு மாப்ளே, தலை முழுகினாப் போதும்" என்றார் தாய்மாமன். கோயில் தலைவர் அவர்தான். திருவிழாவும் நெருங்கியிருந்தது, கரகம் எடுக்க வேண்டியவன் என் தம்பி.

இந்து சமயம் படிப்பிக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். வெளிதேசத்துச் சாவுச் செய்தி பத்து நாளுக்குள் வந்தால் மிச்ச நாளுக்குத் தீட்டு, பிந்தி வந்தால் மூன்று இரவு, வருசம் கழிந்தால் வெறும் முழுக்கு என்கிறது மனு, ஐந்தாம் அத்தியாயத்தில். (எங்களை மனு எந்த வாசலில் நிறுத்தியிருப்பார் என்பது வேறு கதை.) வெளிதேசம் எது என்பதில் பின்வந்த சாத்திரக்காரர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். நடுவில் பெரிய ஆறு ஓட வேண்டும், மலை மறிக்க வேண்டும், பேச்சு மாற வேண்டும் என்றார்கள் சிலர். அப்படிப் பார்த்தால் களனி கங்கையும் மலையும் சிங்களமும் நடுவில் இருக்கிற அவிசாவளைதான் எங்களுக்கு வெளிதேசம், திருச்சி அல்ல. இத்தனை யோசனை தூரம் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இன்னொன்று: பத்து இரவுக்குள் செய்தி வந்து சேராத இடம் எதுவோ, அதுவே வெளிதேசம்.

அந்தக் கணக்கு எங்கள் சனத்தைச் சரியாகவே அளந்தது. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஊரில் அவர்களுக்காக யார் முழுகியது, எந்த நாளில்? எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். உயிரோடு இருப்பவர்களுக்கு அழுதார்கள். சாவுக்குப் போக முடியாது என்று தெரிந்தவர்கள், முன்கூட்டியே அழுதுவைத்தார்கள். பெரியப்பாவும் அந்தக் கோச்சியில்தான் போனார்.

இப்போது போனில் எல்லாம் பார்த்தோம். நெற்றியில் காசு வைத்தது, வாய்க்கரிசி போட்டது, பாடையைத் தூக்கும்போது பெரியம்மா மயங்கியது. பாஸ்போர்ட் ஒருவரிடமும் இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கான டிக்கெட்டுக்குக் கொழுந்தெடுக்கிறவளின் மாதச் சம்பளம் போதியிருக்காது. பொழுது சாய்வதற்குள் எடுத்தும்விட்டார்கள். செய்தி வருகிற வழியில் மனிதனும் போகலாம் என்று நம்பித்தான் பழையவர்கள் விதி எழுதினார்கள். செய்தி மட்டும் பறக்கும், மனிதன் லயத்து வாசலில் நிற்பான் என்று அவர்கள் நினைக்கவில்லை.

"பாத்தாத் தீட்டா? தொட்டாத்தானே தீட்டு" என்று மாமா மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் பாடை தூக்குகிற அயலான் குளித்ததும் அவன் தீட்டுப் போய்விடுகிறது. கிட்டவே வராத பங்காளிக்கு எங்கள் வழக்கப்படி பதினாறு நாளும் உண்டு. ஆகவே பங்காளித் தீட்டு உடம்பைத் தொட்டு வருவதில்லை, உறவைத் தொட்டு வருவது. உறவில் அவர் எங்கள் அப்பாவின் அண்ணன்; சாவு தெரிந்ததோ அதே நிமிசம். பிறகு குறைப்பதற்கு என்ன தூரம் இருக்கிறது?

பதினாறும் காத்தோம். ஏழாம் நாள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கரகத்தை மாமாவின் மகன் எடுத்தான். பங்காளி அல்லாதவன், அவனுக்குத் தடையில்லை. மாமா இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.